கம்பெனி நெட்வொர்க்கில் நேரம் பிசகினால் எங்கே தேடுவது?

பாஸ்வேர்ட் சரிதான், ஆனாலும் ஷேர் ஃபோல்டர் திறக்கவில்லை. நேற்றுவரை ஓடிய உள் இணையதளம் இன்று சான்றிதழ் செல்லாது என்கிறது. போனில் வரும் ஆறு இலக்க எண்ணை எத்தனை முறை போட்டாலும் விபிஎன் ஏற்கவில்லை. இரண்டு சர்வர்களின் லாகை (நிகழ்வுப் பதிவை) அருகருகே வைத்துப் பார்த்தால் கேள்வி வருவதற்கு முன்பே பதில் போயிருக்கிறது. இவற்றில் பலவற்றில் கடிகாரம்தான் காரணம் என்று திரை சொல்வதே இல்லை. அதனால் பாஸ்வேர்டை மாற்றுவது, கம்ப்யூட்டரை டொமைனிலிருந்து (கம்பெனிக் கம்ப்யூட்டர்களை ஒன்றாக நிர்வகிக்கும் குழுவிலிருந்து) கழற்றி மறுபடி சேர்ப்பது, சான்றிதழைப் புதிதாக வாங்குவது என்று பாதி நாள் போய்விடுகிறது.

நேரத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டால் பலரும் செய்வது, கடிகாரத்தைக் கையால் திருத்துவது. அது சில மணி நேரத்துக்குத் தாங்கும், பிறகு பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அந்தக் கம்ப்யூட்டர் யாரிடமிருந்து நேரம் வாங்குகிறது, அவர் யாரிடமிருந்து வாங்குகிறார் என்று மேல்நோக்கிப் போனால்தான் கோளாறு பிடிபடும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்வியைத்தான் பின்தொடர்கிறது.

கடிகாரம் ஏன் தானாகப் பிசகுகிறது

மதர்போர்டில் சின்னக் குவார்ட்ஸ் படிகம் ஒன்று இருக்கிறது. விநாடிக்கு 32,768 முறை அதிர்ந்து, கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் நேரத்தை எண்ணிக்கொண்டிருப்பது அதுதான். அதற்கு மின்சாரம் தருவது பெரும்பாலும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் ஆபரேட்டிங் சிஸ்டம் இங்கிருந்து நேரத்தை ஒருமுறை வாங்கிக்கொண்டு, அதன்பின் போர்டிலுள்ள வேகமான வேறு அலைவுகளை வைத்துத் தானே எண்ணுகிறது. இரண்டும் வெப்பத்துக்கும் வயதுக்கும் ஏற்பக் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும்.

பத்து லட்சத்தில் 50 பங்கு பிசகுவது மலிவான படிகத்துக்குச் சாதாரணம். ஒரு நாளின் 86,400 விநாடியில் இது 4.3 விநாடி. மாதத்தில் இரண்டு நிமிடத்தைத் தாண்டிவிடும். யாரும் திருத்தாமல் விட்டால் சுமார் 70 நாளில் ஐந்து நிமிடம். இந்த ஐந்து நிமிடம் என்ற அளவுக்கு ஒரு முக்கியத்துவம் உண்டு.

எவ்வளவு பிசகினால் எது உடையும்

ஆக்டிவ் டைரக்டரி என்பது பயனர்களையும் கம்ப்யூட்டர்களையும் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் அமைப்பு. அதன் டொமைனில் உள்நுழைவைச் சரிபார்க்கும் விதிமுறை கெர்பரோஸ். அது தரும் டிக்கெட் என்ற அனுமதிச் சீட்டில் நேரம் முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கும். யாராவது அதைச் சுமந்து போகும் நெட்வொர்க் பாக்கெட்டை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்து, பிறகு திரும்ப அனுப்பி ஏமாற்றக் கூடாது என்பதற்காக, இரு பக்கக் கடிகாரங்களின் வித்தியாசம் ஒரு எல்லையைத் தாண்டினால் கெர்பரோஸ் கையை விரித்துவிடும். அந்த எல்லையின் இயல்பான அளவு 5 நிமிடம். டொமைன் பாலிசியில் இதைக் கூட்ட முடியும். ஆனால் கூட்டக் கூடாது. நோயை விட்டுவிட்டுப் பாதுகாப்பைத் தளர்த்துவதாகத்தான் அது முடியும்.

ஆறு இலக்க ஓடிபி செயலிகள் 30 விநாடிக்கு ஒருமுறை எண்ணை மாற்றுகின்றன. சர்வர் முன்பின்னாக ஓரிரு எண்ணை ஏற்றுக்கொள்ளும். அதனால் ஒரு நிமிடம் பிசகினாலே தகராறுதான். சான்றிதழ்களில் பிசகு நாள்கணக்கில் இருந்தால்தான் பொதுவாகத் தெரியும். முக்கிய விதிவிலக்கு புதிதாக வழங்கிய சான்றிதழ்: பின்தங்கிய கடிகாரம் உள்ள கம்ப்யூட்டருக்கு அது இன்னும் பிறக்கவே இல்லை. கடைசியாக எழுதியதே செல்லும் என்ற விதியில் ஓடும் டேட்டாபேஸ்களில் சில மில்லிவிநாடி பிசகுகூட ஒரு பதிவை ஓசையில்லாமல் விழுங்கிவிடும். அங்கே பிழைச் செய்தியே வராது என்பதால், எல்லாவற்றிலும் மோசமானது அதுதான்.

ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றிடம் நேரம் கேட்கும் விதம்

இதற்கான விதிமுறை என்டிபி. 1985-ல் டேவிட் மில்ஸ் வடிவமைத்தது. இப்போது புழக்கத்தில் உள்ள நான்காம் பதிப்பின் வரையறை 2010-ல் வந்தது. யுடிபி போர்ட் 123-ல் ஓடுகிறது. நேரத்தைக் கேட்டு வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. பதில் நெட்வொர்க்கில் பயணம் செய்து வந்து சேர்வதற்குள் நேரம் நகர்ந்துவிடும். என்டிபி இதை நான்கு முத்திரைகளால் சமாளிக்கிறது.

உங்கள் கம்ப்யூட்டர் தன் கணக்கில் 10:00:00.000-க்குக் கேள்வியை அனுப்புகிறது. சர்வர் தன் கணக்கில் 10:00:05.020-க்கு அதைப் பெற்று, 10:00:05.021-க்குப் பதில் அனுப்புகிறது. உங்களிடம் பதில் வரும்போது உங்கள் கணக்கில் 10:00:00.041. போய்வர மொத்தம் 41 மில்லிவிநாடி, அதில் சர்வர் வைத்திருந்தது 1, ஆக நெட்வொர்க்கில் கழிந்தது 40. போகும்போது தெரிந்த வித்தியாசம் 5.020 விநாடி, திரும்பும்போது தெரிந்தது 4.980. இரண்டின் சராசரி 5.000 விநாடி. அவ்வளவுதான் உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது.

இந்தக் கணக்கு ஒன்றை நம்பி நிற்கிறது: போகும் வழிக்கும் வரும் வழிக்கும் ஒரே நேரம் பிடிக்கிறது என்பதை. போக 100, வர 20 என்று ஆனால், என்டிபி இரண்டையும் 60 என்றே எடுத்துக்கொள்ளும். விடையில் 40 மில்லிவிநாடி பிழை விழும், அது பிழை என்று யாருக்கும் தெரியாது. ஒரு பக்கம் நிரம்பி வழியும் இணைய இணைப்பின் வழியாக நேரம் வாங்கும் கிளை அலுவலகங்களில் சின்னச் சின்ன வித்தியாசம் தீராமல் இருப்பதற்கு இதுதான் அடிக்கடி காரணம்.

இன்னொரு சொல் அடிக்கடி வரும்: ஸ்ட்ராட்டம். அணுக் கடிகாரம், ஜிபிஎஸ் ரிசீவர் போன்றவை 0. அதோடு நேரடியாக இணைந்த சர்வர் 1. அதனிடம் வாங்குவது 2. இப்படி 15 வரை போகும். 16 என்றால் நேரம் எங்கிருந்தும் கிடைக்கவில்லை என்று பொருள். எண் சின்னதாக இருந்தால் நேரம் துல்லியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூலத்திலிருந்து எத்தனை கை மாறி வந்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது.

வித்தியாசம் தெரிந்தபின் திருத்துவதில் இரண்டு வழி. ஒன்று, கடிகாரத்தைச் சற்று வேகமாகவோ மெதுவாகவோ ஓடவிட்டு மெல்ல மெல்லச் சேர்ப்பது. மற்றது, ஒரேயடியாகத் தள்ளிவைப்பது. பழைய என்டிபிடி மென்பொருள் மெல்லத் திருத்தும்போது பத்து லட்சத்தில் 500 பங்குக்கு மேல் வேகத்தை மாற்றாது. ஒரு விநாடியைச் சரிசெய்ய 2,000 விநாடி, ஒரு நிமிடத்தைச் சரிசெய்ய 33 மணி நேரத்துக்கு மேல். "சர்வீஸ் ஓடுகிறது, சோர்ஸும் சரி, ஆனால் நேரம் இன்னும் தப்பாகவே இருக்கிறது" என்று குழம்புபவர்கள் பலர் இந்தக் காத்திருப்பின் நடுவில்தான் இருக்கிறார்கள். அதே மென்பொருள் 1,000 விநாடிக்கு மேல் வித்தியாசம் கண்டால் இது நம் தகுதிக்கு மீறியது என்று தானே நின்றுவிடும். லினக்ஸில் இப்போது பரவலாக உள்ள கிரோனி இதைவிட வேகமாகத் திருத்தும்.

முதலில் டைம் ஸோனை ஒதுக்கிவிடுங்கள்

வித்தியாசம் சரியாக ஒரு மணி, அரை மணி, பல மணி என்று முழு அளவில் நின்றால் என்டிபியைத் தொடவே வேண்டாம். என்டிபி அனுப்புவது யுடிசி என்ற உலகப் பொது நேரம் மட்டும். அதில் ஸோன் கிடையாது, கோடைகால நேரம் கிடையாது. அதைத் திரையில் உள்ளூர் நேரமாக மாற்றிக் காட்டுவது ஒவ்வொரு கம்ப்யூட்டரின் சொந்த வேலை. ஸோன் தவறாக இருந்தாலும் உள்ளே யுடிசி சரியாக இருந்தால் கெர்பரோஸ் குறை சொல்லாது.

ஆபத்து வருவது அடுத்த படியில். திரையில் தப்பாகத் தெரிகிறதே என்று யாராவது ஸோனை விட்டுவிட்டுக் கடிகாரத்தைத் திருத்தினால், அதுவரை சரியாக இருந்த யுடிசி கெட்டுப்போகும். உள்நுழைவு உடைவது அப்போதுதான். ஆகவே சந்தேகமுள்ள இரண்டு கம்ப்யூட்டரிலும் யுடிசியைப் பார்த்து ஒப்பிடுங்கள். லினக்ஸில் "டேட் -யு" போதும். விண்டோஸில் பவர்ஷெல் வழியாகப் பார்க்கலாம்.

ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் இருந்து, மாற்றிமாற்றி பூட் செய்யும்போது நேரம் குதித்தால் அதற்குக் காரணம் வேறு. போர்டிலுள்ள கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதும், லினக்ஸ் யுடிசியை எழுதும். ஒன்று எழுதியதை மற்றது தன் வழக்கப்படி படித்துவிடுகிறது. இரண்டையும் யுடிசிக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. விண்டோஸில் அதற்கான ரெஜிஸ்ட்ரி (அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) மதிப்பின் பெயர் ரியல்டைம்இஸ்யுனிவர்சல்.

டொமைனில் நேரம் இறங்கி வரும் வழி

ஆக்டிவ் டைரக்டரியில் நேரத்துக்கு ஒரு படிநிலை உண்டு. சாதாரணக் கம்ப்யூட்டரும் மெம்பர் சர்வரும் ஏதாவது ஒரு டொமைன் கன்ட்ரோலரிடம் (டொமைனின் உள்நுழைவைக் கவனிக்கும் சர்வரிடம்) கேட்கும். டொமைன் கன்ட்ரோலர்கள் தங்களுக்குள் பிடிசி எமுலேட்டர் என்ற தலைமைப் பொறுப்பு வகிக்கும் கன்ட்ரோலரிடம் கேட்கும். கிளை டொமைனின் பிடிசி எமுலேட்டர் மேல் டொமைனில் கேட்கும். உச்சியில் இருப்பது ஃபாரஸ்ட்டின் (டொமைன்களின் மொத்தத் தொகுப்பின்) வேர் டொமைனிலுள்ள பிடிசி எமுலேட்டர். அது ஒன்றுதான் வெளியிலிருந்து நேரம் வாங்க வேண்டியது. இணையத்திலுள்ள என்டிபி சர்வர்களோ சொந்த ஜிபிஎஸ் கடிகாரமோ எதுவானாலும் அங்கே மட்டும் அமைத்தால் போதும். மற்றவை தானாகவே இந்த வழியில் சேர்ந்துகொள்ளும்.

பெரும்பாலான கம்பெனிகளில் இந்த உச்சிதான் காலியாக இருக்கிறது. டொமைனை நிறுவியவர் வெளிச் சோர்ஸை அமைக்கவில்லை. அந்தச் சர்வர் தன் படிகத்தையே நம்பி ஓடுகிறது, அதைப் பார்த்து மொத்தக் கம்பெனியும் ஓடுகிறது. எல்லாரும் சேர்ந்தே தப்பாக இருப்பதால் உள்ளே எதுவும் உடையாது. வெளியே இருக்கும் ஒன்றோடு பேசும்போதுதான் தெரியும்: கிளவுட் சேவை, ஓடிபி, வாடிக்கையாளரின் சர்வர். அந்தக் கன்ட்ரோலரின் ஈவன்ட் வியூவரில் டைம்-சர்வீஸ் பெயரில் ஈவன்ட் 12 இருந்தால் இதைத்தான் அது சொல்லிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு வகை இதைவிட வஞ்சகமானது. வெளிச் சோர்ஸ் ஒழுங்காக அமைக்கப்பட்டிருந்தது. பழைய சர்வரை ஓய்வுக்கு அனுப்பும்போது பிடிசி எமுலேட்டர் பொறுப்பைப் புதிய சர்வருக்கு மாற்றினார்கள். பொறுப்பு மாறியது, நேர அமைப்பு மாறவில்லை. புதியதற்குச் சோர்ஸ் இல்லை. பழையது டொமைன் வழியில் சேராமல் தன் பாட்டுக்கு இணையத்தில் வாங்கிக்கொண்டிருக்கிறது. இதற்கு நல்ல வைத்தியம், வெளிச் சோர்ஸை ஒரு குரூப் பாலிசியாக (டொமைன் கம்ப்யூட்டர்களுக்கு மொத்தமாகப் போகும் அமைப்பாக) எழுதி, டொமைன்ரோல் மதிப்பு 5 உள்ள கம்ப்யூட்டருக்கு மட்டும் என்று டபிள்யூஎம்ஐ ஃபில்டர் போடுவது. 5 என்றால் பிடிசி எமுலேட்டர். பொறுப்பு எங்கே போகிறதோ அமைப்பும் அங்கே போகும்.

விண்டோஸில் படிப்படியாக

கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் அனுமதி மறுப்புப் பிழை வந்து அதுவே ஒரு தனிக் குழப்பமாகிவிடும். எல்லாக் கேள்விகளையும் டபிள்யூ32டிஎம் என்ற ஒரே கட்டளையிடம் கேட்கலாம்.

முதலில் "டபிள்யூ32டிஎம் /குவெரி /சோர்ஸ்". பதிலில் ஒரு டொமைன் கன்ட்ரோலரின் பெயர் வந்தால் நல்லது. "லோக்கல் சிமாஸ் க்ளாக்" அல்லது "ஃப்ரீ-ரன்னிங் சிஸ்டம் க்ளாக்" என்று வந்தால், யாரிடமும் வாங்காமல் தானே ஓடுகிறது. "விஎம் ஐசி டைம் சிங்க்ரனைசேஷன் ப்ரொவைடர்" என்று வந்தால் தன்னைத் தாங்கும் ஹைப்பர்-வி (மைக்ரோசாஃப்டின் வெர்ச்சுவல் மெஷின் மென்பொருள்) ஹோஸ்ட்டிடம் வாங்குகிறது. அதைப் பின்னால் பார்ப்போம். சர்வீஸ் தொடங்கப்படவில்லை என்ற 0எக்ஸ்80070426 பிழை வந்தால், விண்டோஸ் டைம் சர்வீஸே ஓடவில்லை.

அடுத்து "/குவெரி /ஸ்டேட்டஸ்". கடைசியாக எப்போது வெற்றிகரமாக நேரம் வாங்கியது, ஸ்ட்ராட்டம் என்ன என்று இது சொல்லும். கடைசி வெற்றி நேற்றோ போன வாரமோ என்றால், சோர்ஸ் பெயர் பொருத்தமாக இருந்தாலும் தொடர்பு அறுந்திருக்கிறது.

அதை உறுதிப்படுத்துவது "/ஸ்ட்ரிப்சார்ட்". கன்ட்ரோலரின் பெயரை "/கம்ப்யூட்டர்:" என்பதற்குப் பின்னும், "/சாம்பிள்ஸ்:5" என்றும் கொடுத்தால் ஐந்து முறை கேட்டு, ஒவ்வொரு முறையும் வித்தியாசத்தை விநாடியில் காட்டும். இது எதையும் மாற்றாது, வெறுமனே அளந்து சொல்லும். ஆகவே எந்த நேரத்திலும் பயமில்லாமல் ஓட்டலாம். ஐந்திலும் 0எக்ஸ்800705பி4 என்று வந்தால் பதிலே வரவில்லை. யுடிபி 123 வழியில் எங்கோ அடைபட்டிருக்கிறது, அல்லது அந்தப் பக்கம் சர்வீஸ் ஓடவில்லை. சில முறை பதிலும் சில முறை பிழையும் வந்தால் நெட்வொர்க்கில் பாக்கெட் விழுகிறது.

ஃபயர்வால் பார்க்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். டிசிபி 123-ஐத் திறந்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. என்டிபிக்கு டிசிபி வேண்டியதே இல்லை. டெல்நெட்டில் 123-ஐச் சோதிப்பதும் அதனால் வீண்.

பதில் வருகிறது, வித்தியாசமும் தெரிகிறது, ஆனால் கம்ப்யூட்டர் அந்தச் சர்வரையே கேட்கவில்லை என்றால் அமைப்பைப் பாருங்கள்: "/குவெரி /கான்ஃபிகரேஷன்". டைப் என்ற வரியில் டொமைன் உறுப்பினருக்கு என்டி5டிஎஸ் என்று இருக்க வேண்டும். என்டிபி என்று இருந்தால் யாரோ கையால் ஒரு சர்வரைக் கொடுத்திருக்கிறார்கள். நோசிங்க் என்றால் ஒத்திசைவே நிறுத்தப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் அடைப்புக்குறிக்குள் லோக்கல் அல்லது பாலிசி என்று இருப்பதைக் கவனமாகப் படியுங்கள். பாலிசி என்றிருந்தால் நீங்கள் கையால் செய்யும் எந்த மாற்றமும் எடுபடாது. மாற்றம் கட்டளையில் ஏறியதுபோல் தெரியும், பலன் இருக்காது. அதைக் குரூப் பாலிசியில்தான் மாற்ற வேண்டும்.

கையால் தடம் மாறிய டொமைன் கம்ப்யூட்டரைத் திரும்ப வழிக்குக் கொண்டுவர "டபிள்யூ32டிஎம் /கான்ஃபிக் /சிங்க்ஃப்ரம்ஃப்ளாக்ஸ்:டாம்ஹையர் /அப்டேட்". பிறகு சர்வீஸை நிறுத்தித் தொடங்கி, "/ரீசிங்க் /ரீடிஸ்கவர்". உச்சியிலுள்ள பிடிசி எமுலேட்டரில் மட்டும் "/மேனுவல்பியர்லிஸ்ட்:" என்பதற்குப் பின் வெளிச் சர்வர்களின் பெயர்களை மேற்கோள் குறிக்குள், இடைவெளி விட்டு, ஒவ்வொன்றின் பின்னும் ",0எக்ஸ்8" சேர்த்துக் கொடுத்து, "/சிங்க்ஃப்ரம்ஃப்ளாக்ஸ்:மேனுவல் /ரிலையபிள்:யெஸ் /அப்டேட்" என்று முடிக்கவும். அந்த 0எக்ஸ்8 விண்டோஸை வெறும் வாடிக்கையாளர் முறையில் கேட்கச் சொல்கிறது. அது இல்லாமல் போகும் கேள்விக்குச் சில சர்வர்கள் பதிலே தருவதில்லை.

ரீசிங்க் செய்யும்போது வரும் இரண்டு மறுப்புகளை வேறுபடுத்தித் தெரிந்துகொள்ள வேண்டும். நேரத் தரவு கிடைக்கவில்லை என்று சொன்னால் மேலே சொன்ன தொடர்புச் சிக்கல். தேவையான மாற்றம் மிகப் பெரியது என்று சொன்னால், பதில் வந்தும் விண்டோஸ் வேண்டுமென்றே ஒதுக்கியிருக்கிறது. டொமைன் கன்ட்ரோலர்களில் இந்த எல்லை இயல்பாக 48 மணி நேரம், அதாவது 1,72,800 விநாடி. சோர்ஸ் திடீரென்று பல வருடம் தள்ளிச் சொன்னால் மொத்த டொமைனும் அதன் பின்னால் போய்விடக் கூடாது என்பதற்கான காவல் இது. அதை அணைக்காதீர்கள். கடிகாரத்தைக் கையால் உண்மை நேரத்துக்குச் சில நிமிடம் நெருக்கமாகக் கொண்டுவந்து, பிறகு ரீசிங்க் செய்யுங்கள். கைத்திருத்தத்துக்கு நியாயமான சில இடங்களில் இது ஒன்று.

சோர்ஸ் சரி, என்டிபி சரி, ஆனாலும் ஏதோ ஒரு விண்டோஸ் சர்வர் காரணமே இல்லாமல் மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ குதிக்கிறது என்றால் செக்யூர் டைம் சீடிங் என்ற வசதியைச் சந்தேகிக்கலாம். விண்டோஸ் 10, சர்வர் 2016 காலத்தில் வந்தது. பாதுகாப்பான இணைய இணைப்புகளின் தொடக்கப் பேச்சில் எதிர்ப்பக்கம் சொல்லும் நேரத்தை வைத்து உத்தேசமாகத் தேதியைக் கணிக்கும். எதிர்ப்பக்கம் அந்த இடத்தில் உண்மை நேரத்தை வைப்பதில்லை என்றால் கணிப்பு தடம்புரளும். நல்ல என்டிபி சோர்ஸ் உள்ள சர்வருக்கு இது தேவையில்லை. யுடிலைஸ்எஸ்எஸ்எல்டைம்டேட்டா என்ற ரெஜிஸ்ட்ரி மதிப்பை 0 ஆக்கினால் நின்றுவிடும்.

வெர்ச்சுவல் மெஷின்: இரண்டு எஜமானர்கள்

வெர்ச்சுவல் மெஷினுக்கு, அதாவது இன்னொரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் கம்ப்யூட்டருக்கு, என்டிபி தவிர இன்னொருவரும் நேரம் ஊட்டுகிறார்: அதைத் தாங்கும் ஹோஸ்ட். என்டிபி ஒரு பக்கம் இழுக்க, ஹோஸ்ட் மறுபக்கம் இழுக்க, கடிகாரம் சில நிமிடத்துக்கு ஒருமுறை முன்னும் பின்னும் குதிக்கும். ஸ்ட்ரிப்சார்ட்டில் வித்தியாசம் 0-க்கு வந்து, மறுபடி அதே அளவுக்குத் தாவி, மறுபடி 0-க்கு வருவதைப் பார்த்தால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

இதில் அடிக்கடி நடக்கும் ஒரு சுழல் உண்டு. டொமைன் கன்ட்ரோலர் ஒரு ஹைப்பர்-வி ஹோஸ்ட்டின் மேல் ஓடுகிறது. அந்த ஹோஸ்ட்டும் அதே டொமைனின் உறுப்பினர், அதனால் நேரத்தை அந்தக் கன்ட்ரோலரிடம் வாங்குகிறது. கன்ட்ரோலரோ ஹோஸ்ட்டிடம் வாங்குகிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சேர்ந்தே விலகிப்போகிறார்கள். இருவருக்கும் வித்தியாசம் 0 என்பதால் கண்காணிப்பு மென்பொருளும் எல்லாம் நலம் என்கிறது. உச்சியிலுள்ள கன்ட்ரோலருக்கு ஹைப்பர்-வியின் டைம் சிங்க்ரனைசேஷன் வசதியை எடுத்துவிட்டு வெளிச் சோர்ஸைக் கொடுப்பதே இதை வெட்டும் வழி.

விஎம்வேரில் தொடர் ஒத்திசைவை அணைத்திருந்தாலும், ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்கும்போதும், நிறுத்திவைத்ததை மறுபடி ஓட்டும்போதும், மெஷினுக்குள் இருக்கும் விஎம்வேர் டூல்ஸ் ஒருமுறை ஹோஸ்ட்டின் நேரத்தை வைத்துவிடும். ஆகையால் ஹோஸ்ட்டுகளின் நேரம் சரியாக இருப்பது எப்படியும் அவசியம். மெஷின்களை மட்டும் பார்த்துவிட்டு ஹோஸ்ட்டை விட்டுவிடுவது பாதி வேலை.

கன்டெய்னரில் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அதற்கென்று தனிக் கடிகாரம் கிடையாது. ஹோஸ்ட் கெர்னலின் நேரம்தான் அதன் நேரம். உள்ளே மாற்றக்கூடியது ஸோன் மட்டும்.

லினக்ஸில்

"டைம்டேட்சிடிஎல்" என்று அடித்தால் ஸோன், யுடிசி, ஒத்திசைந்திருக்கிறதா என்ற மூன்றும் ஒரே திரையில் வரும். அதன் பிறகு எந்த மென்பொருள் நேரத்தைப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். கிரோனி, என்டிபிடி, சிஸ்டம்டி-டைம்சிங்க்டி ஆகியவற்றில் ஒன்றுதான் ஓட வேண்டும். இரண்டு ஓடினால் மேலே சொன்ன இழுபறி இங்கேயும் நடக்கும்.

கிரோனியில் "கிரோனிசி சோர்சஸ்" தரும் பட்டியல் அருமையானது, ஆனால் படிக்கத் தெரிய வேண்டும். வரியின் தொடக்கத்தில் நட்சத்திரம் இருந்தால் அதுவே தேர்ந்தெடுத்த சர்வர். கூட்டல் குறி, அதோடு சேர்த்துக் கணக்கில் எடுத்துக்கொண்டது. கேள்விக்குறி, தொடர்பு கிடைக்காதது அல்லது இன்னும் தகுதி பெறாதது. எக்ஸ், மற்றவர்களோடு ஒத்துப்போகாமல் பொய் சொல்வதாகத் தீர்மானித்தது.

ரீச் என்ற பத்தி பலரைக் குழப்பும். அது கடைசி எட்டு முயற்சிகளின் வரலாறு, எட்டடிமான (0 முதல் 7 வரையான இலக்கங்கள் மட்டும் கொண்ட) எண்ணாக எழுதியது. எட்டும் வெற்றி என்றால் 377. கடைசி முயற்சி மட்டும் தோற்றால் 376. அதற்கடுத்தது வென்றால் 375. இப்போதுதான் தொடங்கி நான்கு முறை வென்றிருந்தால் 17. 0 என்றால் எட்டும் தோல்வி. 64 விநாடிக்கு ஒருமுறை கேட்கும் சர்வரில் 377 ஆக எட்டரை நிமிடம் பிடிக்கும். ஆகவே சர்வீஸை ரீஸ்டார்ட் செய்த கையோடு 1 என்றோ 3 என்றோ பார்த்துவிட்டுப் பதற்றப்பட வேண்டாம். மணிக்கணக்கில் ஓடிய பிறகும் 377-க்குக் கீழே ஊசலாடினால் பாக்கெட் விழுகிறது.

ரீச் 377, ஆனாலும் முன்னால் கேள்விக்குறி. விண்டோஸ் கன்ட்ரோலரிடம் நேரம் வாங்கும் லினக்ஸ் சர்வர்களில் இது வாடிக்கை. விண்டோஸ் தன் நேரத்தில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்ற மதிப்பீட்டைப் பல விநாடியாகச் சொல்லும். மூன்று விநாடிக்கு மேல் போனால் கிரோனி நம்பாது. கிரோனி கான்ஃபிக் கோப்பில் மேக்ஸ்டிஸ்டன்ஸ் 16.0 என்று ஒரு வரி சேர்த்தால் ஏற்றுக்கொள்ளும். இடம் இருந்தால் அதைவிட நல்லது, லினக்ஸ் சர்வர்களும் பிடிசி எமுலேட்டரும் ஒரே மேல்மட்ட என்டிபி சர்வர்களிடம் வாங்குவது.

கோப்பில் "மேக்ஸ்டெப் 1.0 3" என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். தொடங்கியபின் முதல் மூன்று திருத்தங்களில் வித்தியாசம் ஒரு விநாடிக்கு மேல் இருந்தால் ஒரேயடியாகத் தள்ளிவைக்கலாம் என்று அது அனுமதிக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது உடனே தள்ள வேண்டுமானால் "கிரோனிசி மேக்ஸ்டெப்".

எத்தனை சர்வர், எந்தச் சர்வர்

ஒரு சோர்ஸ் வைத்தால் அது சொல்வதே வேதம். இரண்டு வைத்து அவை முரண்பட்டால் யார் சரி என்று தெரியாது, அதனால் இரண்டு என்பது மோசமான எண். மூன்று இருந்தால் பெரும்பான்மை தெரியும், ஆனால் ஒன்று செத்தால் மறுபடி இரண்டுதான். நான்கு வையுங்கள்.

நான்கையும் தேர்ந்தெடுக்கும்போது லீப் விநாடியை (பூமியின் சுழற்சியோடு பொருந்த எப்போதாவது கூட்டும் ஒரு விநாடியை) சமாளிக்கும் முறை ஒன்றாக இருக்க வேண்டும். லீப் விநாடி கடைசியாகச் சேர்ந்தது 2016 டிசம்பர் 31-ல். சில சர்வர்கள் அந்த ஒரு விநாடியை அப்படியே சேர்க்கும், கூகுளின் பொது என்டிபி சர்வர்கள் அதை 24 மணி நேரத்தில் பரப்பிக் கரைத்துவிடும். இரண்டு வகையையும் கலந்து கொடுத்தால் அந்த நாளில் ஒன்றுக்கொன்று அரை விநாடிவரை முரண்படும். 2035-க்குள் லீப் விநாடியைக் கைவிட 2022-ல் முடிவாகிவிட்டது. அதுவரை கலக்காமல் இருப்பது நல்லது.

சொந்த ஜிபிஎஸ் கடிகாரம் வைத்திருப்பவர்கள் அதன் ஃபர்ம்வேரைப் புதுப்பித்து வைக்க வேண்டும். ஜிபிஎஸ் சிக்னலில் வார எண்ணுக்கு 10 பிட் மட்டுமே இடம். 1,024 வாரத்துக்கு ஒருமுறை அது 0-க்குத் திரும்பும். கடைசியாகத் திரும்பியது 2019 ஏப்ரலில். பழைய ரிசீவர் ஏறத்தாழ 19.6 வருடம் பின்னால் போய் நிற்பது இதனால்தான்.

ஓடும் சர்வரின் நேரத்தைத் திருத்தும் முன்

பின்தங்கிய கடிகாரத்தை முன்னால் தள்ளுவது பெரும்பாலும் தொல்லை தராது. ஷெட்யூல் செய்த சில வேலைகள் தவறிப்போகலாம், செஷன்கள் காலாவதியாகலாம், அவ்வளவே. முந்திய கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவது வேறு கதை. ஏற்கெனவே எழுதிய பதிவுகள் எதிர்காலத்தில் நிற்கும், புதியவை அவற்றுக்கு முந்தியவை போல் தெரியும். டேட்டாபேஸ் சர்வரில் அப்படிச் செய்ய வேண்டியிருந்தால் சேவையை நிறுத்தி, நேரத்தைத் திருத்தி, பழைய கடிகாரம் காட்டிய நேரத்தை உண்மை நேரம் தாண்டும்வரை பொறுத்திருந்து தொடங்குவது பாதுகாப்பு. பிசகு சில விநாடிதான் என்றால் தள்ளவே வேண்டாம், மெல்லச் சேரட்டும்.

திருத்தும் வரிசையும் முக்கியம். எப்போதும் மேலிருந்து கீழே: முதலில் ஹோஸ்ட்டுகள், அடுத்து பிடிசி எமுலேட்டர், பிறகு மற்ற கன்ட்ரோலர்கள், கடைசியில் சாதாரணக் கம்ப்யூட்டர்கள். கீழே தொடங்கினால் மேலே உள்ள தப்பு மறுபடி இறங்கி வந்து செய்ததை அழித்துவிடும். கன்ட்ரோலர்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதை "டபிள்யூ32டிஎம் /மானிட்டர்" ஒரே பட்டியலாகத் தரும். நேரம் சேர்ந்தபின்னும் ஒருவருக்கு உள்நுழைவு தகராறு செய்தால் அவர் கம்ப்யூட்டரில் "கேலிஸ்ட் பர்ஜ்" செய்து பழைய டிக்கெட்டுகளை அழித்துவிட்டு மறுபடி முயலச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதுவும் ஒவ்வொரு முறை அணைத்து ஆன் செய்யும்போதும் பழைய வருடத்துக்குப் போய் நிற்கிறது என்றால் இவ்வளவு தேடல் தேவையில்லை. அந்தப் பட்டன் பேட்டரியைக் கழற்றி வோல்ட் மீட்டரில் பாருங்கள். 3 வோல்ட்டிலிருந்து நன்றாக இறங்கியிருந்தால் புதியதைப் போட்டு, பயாஸில் தேதியைச் சரிசெய்து, ரீசிங்க் செய்துவிடலாம்.